வயதாகும் ரிசீவருக்கு என்ன விலை? ஆட்டத்தையும் ஒப்பந்தத்தையும் எடைபோட முழுமையான வழிகாட்டி

கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது முட்டை வடிவப் பந்து, அமெரிக்காவின் என்எஃப்எல் லீக் சமாச்சாரம். ரிசீவர் என்பவர் ஓடிப்போய், எறியும் பந்தைப் பிடிப்பவர்.

2015 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்த லீகின் இரண்டு அணிகளுக்கு ஏறக்குறைய ஒரே தலைவலி. ஹூஸ்டன் டெக்சன்ஸில் ஆண்ட்ரே ஜான்சன், வயது 33. அரிசோனா கார்டினல்ஸில் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், வயது 31. ஜான்சன் 2003 டிராஃப்டிலும் (புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஃபிட்ஸ்ஜெரால்ட் 2004 டிராஃப்டிலும் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவர்கள். அணியின் பெயரைச் சொன்னால் ரசிகனுக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்கள் முகம்தான். இருவருக்கும் சம்பளம் எகிறியிருந்தது, இருவரும் முன்பு போல ஆடவில்லை. 2014 சீசனில் பந்தைப் பிடித்து அணியை முன்னேற்றிய கணக்கில் ஜான்சன் எடுத்தது 936 யார்டு, ஃபிட்ஸ்ஜெரால்ட் 784.

ஹூஸ்டன் ஜான்சனை விடுவித்தது. அரிசோனா ஃபிட்ஸ்ஜெரால்டை இரண்டு வருடத்துக்கு 22 மில்லியன் டாலர் உறுதி கொடுத்து வைத்துக்கொண்டது. யார்டை மட்டும் பார்த்தவருக்கு இது தலைகீழாகத் தெரிந்திருக்கும். அடுத்த சீசனில் ஜான்சன் 503 யார்டு, ஃபிட்ஸ்ஜெரால்ட் 1,215 யார்டு.

ஆக, கேள்வி "குறைந்துவிட்டதா" என்பதல்ல, இருவருக்கும்தான் குறைந்திருந்தது. ஃபார்ம் போயிருக்கிறதா, காலே போய்விட்டதா என்பதுதான் கேள்வி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு எவ்வளவு கொடுப்பது என்பதை இந்த இருவரையும் வைத்தே பார்ப்போம்.

படி 1: மொத்த யார்டை மூடிவைத்துவிட்டு டார்கெட்டைப் பாருங்கள்

டார்கெட் என்பது ஒரு ரிசீவரை நோக்கி எத்தனை பந்து வீசப்பட்டது என்ற கணக்கு. பிடித்தாலும் விட்டாலும் அது ஒன்றுதான். மொத்த யார்டை டார்கெட்டால் வகுத்தால், அவரை நம்பி வீசிய ஒவ்வொரு பந்துக்கும் அணிக்கு என்ன கிடைத்தது என்று தெரியும். ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இந்த எண்கள் எல்லாம் இலவசம்.

ஜான்சனின் மூன்று வருடம்: 2012-இல் 162 டார்கெட், 1,598 யார்டு, ஒரு டார்கெட்டுக்கு 9.9. 2013-இல் 181 டார்கெட், 1,407 யார்டு, 7.8. 2014-இல் 146 டார்கெட், 936 யார்டு, 6.4.

2013-ஐக் கவனியுங்கள். 109 கேட்ச், 1,407 யார்டு என்றால் யாராவது "இறங்கிவிட்டார்" என்பார்களா? யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் டெக்சன்ஸ் 16-இல் 14 ஆட்டம் தோற்ற அணி. பின்தங்கிய அணி பந்தை எறிந்துகொண்டே இருக்கும், அதில் பெரும்பகுதி ஜான்சனிடம் போனது. 181 முறை வீசினால் மொத்தம் ஏறத்தான் செய்யும். சரிவு அந்த மொத்தத்துக்குப் பின்னால் ஒரு வருடம் ஒளிந்திருந்தது.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இதே கணக்கைப் போடுங்கள். 2012-இல் 156 டார்கெட்டுக்கு 798 யார்டு, அதாவது 5.1. 2013-இல் ஏறக்குறைய 7. 2014-இல் ஏழரைக்குக் கொஞ்சம் மேல். மொத்த யார்டு 954-இலிருந்து 784-க்கு இறங்கிய வருடத்திலும் பந்துக்கான பலன் ஏறியிருக்கிறது. ஒருவர் மாடிப்படியில் இறங்குகிறார், இன்னொருவர் ஏறுகிறார். 2014-இல் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் படியில் நின்றதால் ஒரே உயரம் போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இந்த எண்ணுக்கும் ஒரு ஓட்டை உண்டு. டார்கெட் சும்மா வராது. எதிராளி ஒட்டாமல் ஆள் காலியாக நின்றால்தான், பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக் அவருக்கு எறிவார். இருபது முறை ஓடி இரண்டு முறை மட்டும் காலியாகும் ரிசீவர், அந்த இரண்டையும் நன்றாகப் பிடித்தால் டார்கெட் கணக்கில் ராஜாவாகத் தெரிவார். அதனால் ஓடிய ஒவ்வொரு ரூட்டுக்கும், அதாவது பந்து வாங்கத் திட்டமிட்ட ஒவ்வொரு ஓட்டப்பாதைக்கும், எத்தனை யார்டு என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். என் அளவுகோல்: 2-க்கு மேல் முதல் தரம், 1.5 பக்கம் வேலைக்கு ஆகும், 1-ஐ நோக்கி வந்தால் பர்ஸை மூடுங்கள்.

படி 2: பக்கத்து ரிசீவரைப் பாருங்கள்

"பந்து எறிய ஆளில்லை, அவர் என்ன செய்வார்?" வயதான ரிசீவரின் ரசிகர்கள் எல்லோரும் சொல்லும் வாதம் இது. பாதி நேரம் உண்மையும்கூட. அதைச் சோதிக்க ஒரே அணியில், ஒரே குவார்ட்டர்பேக்கிடம் பந்து வாங்கிய இன்னொரு ரிசீவரின் எண்களைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

2014-இல் ஹூஸ்டனுக்கு எறிந்தவர்கள் ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக், ரயன் மேலட், கேஸ் கீனம் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜான்சனுக்கு 6.4 என்றால் பழியைத் தூக்கி அவர்கள் மேல் போடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் அதே ஆட்கள் எறிந்த பந்தில், இரண்டாவது வருடப் பையன் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ் 127 டார்கெட்டுக்கு 1,210 யார்டு எடுத்தார், 9.5. ஜான்சனைவிட 19 டார்கெட் குறைவு, 274 யார்டு அதிகம். எனக்கு இந்த ஒரு வரியே போதும்.

அரிசோனாவின் 2012-ஐ இதே சோதனையில் போட்டால் வேறு பதில் வரும். கெவின் கோல்ப், ஜான் ஸ்கெல்டன், ரயன் லிண்ட்லி எறிந்த அந்த வருடம் அணியில் ஒருவர்கூட 800 யார்டைத் தொடவில்லை. 798 எடுத்த ஃபிட்ஸ்ஜெரால்ட்தான் முதலிடம். ஊரே வெள்ளத்தில் இருக்கும்போது ஒரு வீட்டை மட்டும் ஒழுகுகிறது என்று சொல்ல முடியாது. 2014-இலும் கார்சன் பால்மர் நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அடுத்த வருடம் அவர் முழு சீசன் ஆடி 4,671 யார்டு எறிந்தபோது ஃபிட்ஸ்ஜெரால்ட் 109 கேட்ச் பிடித்தார்.

ஒரு எச்சரிக்கை. எதிரணி, ரிசீவரை ஒட்டிநின்று தடுக்கும் தன் சிறந்த கார்னர்பேக்கையும், உதவிக்குப் பின்னால் நிற்கும் ஒரு சேஃப்டியையும் பழைய நட்சத்திரத்தின் பக்கமே நிறுத்தினால் பக்கத்து ஆள் சுலபமாக யார்டு எடுப்பார். அப்போது இந்த ஒப்பீடு அநியாயமாகிவிடும். அப்படி நிறுத்துகிறார்களா என்பது எண்களில் தெரியாது, படி 4-இல் வீடியோவில் தெரியும்.

படி 3: வேலை மாறியதா, கால் தளர்ந்ததா

2013-இல் அரிசோனாவுக்குப் பயிற்சியாளராக வந்த புரூஸ் ஏரியன்ஸ், ஃபிட்ஸ்ஜெரால்டை மைதான ஓரத்திலிருந்து உள்ளே, ஸ்லாட்டுக்கு நகர்த்தினார். ஸ்லாட்டில் ஆடுபவருக்குக் குட்டையான ரூட்டுகள், எதிரணியின் நடுவில் நிற்கும் லைன்பேக்கர்களைத் தடுக்கும் முரட்டு வேலை எல்லாம் கூடவே வரும். அதனால் ஒரு கேட்சுக்கான யார்டு குறையும். 2016-இல் அவர் 107 கேட்ச் பிடித்து லீகிலேயே முதலிடம், ஆனால் கேட்சுக்கு 9.6 யார்டுதான். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்ப்பவர் "முடிந்தது கதை" என்று எழுதியிருப்பார்.

வேலை மாற்றத்தையும் தளர்ச்சியையும் பிரிக்க நான் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்ப்பேன்: ஒரு கேட்சுக்கு எத்தனை யார்டு, வீசியதில் எத்தனை சதவீதம் பிடித்தார். யார்டு குறைந்து பிடிக்கும் விகிதம் ஏறினால் வேலை மாறியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் கால் தளர்ந்திருக்கிறது. 2016-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் பத்துக்கு ஏழு பந்தைப் பிடித்தார். ஜான்சனுக்கோ 2012-இல் கேட்சுக்கு 14.3 யார்டு, 69 சதவீதம். 2014-இல் 11 யார்டு, 58 சதவீதம். குட்டையான கேட்சுகள், அவையும் சரியாக வந்து சேரவில்லை.

படி 4: உட்கார்ந்து வீடியோ பாருங்கள், பந்து வராத ரூட்டுகளை

டிவி ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னால் போகும். ரிசீவர் ஓடும் ரூட்டில் முக்கால்வாசி நம் கண்ணுக்கே படாது. 22 பேரும் ஒரே சட்டத்தில் தெரியும் ஆல்-22 வீடியோ என்எஃப்எல் பிளஸ் சந்தாவின் மேல்தட்டில் கிடைக்கும். நாலு ஆட்டம் போதும்: சீசன் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் இரண்டு. ஹைலைட் தொகுப்பைப் பார்த்து முடிவெடுப்பது கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோடுவது மாதிரி.

முதலில் புறப்பாடு. எதிரே ஒரு கார்னர்பேக் மூக்குக்கு நேராக நின்று நெஞ்சில் கை வைக்கக் காத்திருக்கிறார். இளம் ரிசீவர் முதல் இரண்டு அடியில் அவர் தோளைக் கடந்துவிடுவார். கை பட்டாலும் தட்டிவிட்டுப் போவார். வயதானவர் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருப்பார், மூன்று நான்கு தப்படி அங்கேயே வீணாகும். குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது இரண்டரை நொடிதான். புறப்பாட்டில் போன அரை நொடியைப் பிறகு எங்கும் மீட்க முடியாது. அனுபவசாலி அணிகள் இதை மறைக்க அவரை ஸ்லாட்டுக்கோ, ஒவ்வொரு நகர்வையும் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன் நகர்த்தியோ, வேறொரு ரிசீவரின் பின்னாலோ நிறுத்தும். அப்படி மறைக்கிறார்களா என்றும் பாருங்கள். மறைப்பது தப்பில்லை, ஆனால் அது விலையில் தெரிய வேண்டும்.

அடுத்தது திருப்பம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். 12, 15 யார்டு முழு வேகத்தில் ஓடிப்போய் சட்டென்று நின்று குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்பும் ரூட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவை மெதுவாக ஓட்டி, வேகம் குறையத் தொடங்கியதிலிருந்து திரும்பி முடிக்கும் வரை எத்தனை தப்படி என்று எண்ணுங்கள். நல்ல உடம்பில் இடுப்பு கீழே இறங்கும், முழங்கால் மடங்கும், மூன்று தப்படியில் வேலை முடிந்துவிடும். வயதான உடம்பு இடுப்பை இறக்காது. நிமிர்ந்தபடியே குட்டிக் குட்டித் தப்படி வைத்து, ஐந்து ஆறு எடுத்து, பேருந்து நிறுத்தத்தில் நிற்பது போல நிற்கும். அந்தக் கூடுதல் தப்படிகளில்தான் கார்னர்பேக் வந்து ஒட்டிக்கொள்கிறார். நேர்கோட்டு வேகம் போவதற்கு முன்பே பிரேக் பிடிக்கும் திறன் போய்விடுவதுண்டு. அதனால் "இன்னும் நல்ல வேகமாகத்தான் ஓடுகிறார்" என்று யாராவது சொன்னால் நான் நம்பிக்கை வைப்பதில்லை.

நோட்டுப் புத்தகத்தில் முப்பது ரூட்டுக்கு இந்தத் தப்படிகளை எண்ணிப் பாருங்கள். முதல் பத்து சலிப்பாக இருக்கும். இருபதைத் தாண்டியதும் விடை தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

மூன்றாவது எதிராளி. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்னர்பேக்குகள் வாரம் முழுக்க வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள், ரிசீவரைப் பற்றி நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரிசீவர் பாய்ந்து தன்னைத் தாண்டிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் ஏழெட்டு யார்டு தள்ளி நிற்பார்கள், ஓட ஆரம்பித்ததும் இடுப்பைத் திருப்பிப் பின்னோக்கி ஓடுவார்கள். பயம் போய்விட்டால் கிட்ட வந்து நிற்பார்கள், 12 யார்டில் கால் ஊன்றிக் காத்திருப்பார்கள். போன வருடம் தள்ளி நின்ற அதே கார்னர்பேக் இந்த வருடம் கிட்ட நின்றால், அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நேர்மையான மதிப்பீடு.

இதற்கு எண்ணும் இருக்கிறது. வீரர்களின் தோள் கவசத்துக்குள் இருக்கும் சென்சாரை வைத்து நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ் தளம், எதிராளி எவ்வளவு தள்ளி நின்றார், பந்து வந்தபோது எவ்வளவு இடைவெளி இருந்தது என்று 2016 முதல் வெளியிடுகிறது. ஸ்லாட்டில் ஆடுபவருக்கு இடைவெளி இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஓரத்தில் ஆடுபவரோடு அவரை ஒப்பிடாதீர்கள், அவருடைய போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கை கடைசியில்தான் போகும். அதனால் பந்தைத் தவறவிட்டாரா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 5: உடம்பு எத்தனை ஞாயிறு தாங்கும்

ஹூலியோ ஜோன்ஸ் இதற்கு நல்ல பாடம். 2020-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்காக 68 டார்கெட்டுக்கு 771 யார்டு, பந்துக்கு 11-க்கு மேல். மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் பாஸ். ஆனால் தொடைப் பின்தசைக் காயத்தால் ஆடியது 9 ஆட்டம்தான். 2017 முதல் 2019 வரை 16, 16, 15 ஆட்டம் ஆடியவர் அவர். 2021 ஜூனில் டென்னசி டைட்டன்ஸ் டிராஃப்டில் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமையை முதன்மையாகக் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே 10 ஆட்டம், 31 கேட்ச், 434 யார்டு, ஒரு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி). அடுத்த மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள்.

எலும்பு முறிவு ஒரு முறை நடக்கும் விபத்து. தசைக் காயம் அப்படியல்ல, முப்பதைத் தாண்டியவருக்கு அது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும் விருந்தாளி. காயப் பட்டியலை எடுத்து ஒரே தசை இரண்டு சீசனில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் அடுத்த வருடத்துக்கு 17 ஆட்டம் என்று கணக்கு போடாதீர்கள், 11, 12 என்று போடுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்ரி ரைஸ் 2002-இல் 40 வயதில் 1,211 யார்டு எடுத்தார். கரோலினா பேந்தர்ஸ் விடுவித்த ஸ்டீவ் ஸ்மித் 2014-இல் 35 வயதில் பால்டிமோருக்குப் போய் 1,065 யார்டு எடுத்தார். ஏஜென்டுகள் இந்தப் பெயர்களை வாயில் வைத்தபடியேதான் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். 35 வயதில் ஆட இடம் கிடைக்காமல் போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

படி 6: அடுத்த வருடத்தை ஊகித்தல்

எல்லோரும் செய்வது மூன்று வருடச் சராசரி. கடைசி வருடத்துக்கு 3 பங்கு, முந்தையதற்கு 2, அதற்கும் முந்தையதற்கு 1. ஜான்சனுக்குப் போட்டால் (6.4 × 3) + (7.8 × 2) + 9.9, மொத்தம் 44.7, ஆறால் வகுத்தால் 7.45. புது அணியில் 100 டார்கெட் கிடைக்கும் என்று வைத்தால் 745 யார்டு. வயதுக்காகப் பத்துப் பதினைந்து சதவீதம் கழித்தால் 650 பக்கம்.

நடந்தது என்ன? அவர் போய்ச் சேர்ந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸில் 77 டார்கெட், 41 கேட்ச், 503 யார்டு. பந்துக்கு 6.5.

எங்கே தப்பு? இரண்டு இடத்தில். ஒன்று, இரண்டு வருடம் தொடர்ந்து இறங்கிய ஆளுக்குச் சராசரி எடுக்கக் கூடாது. 2012-இன் 9.9 இனி வராத விருந்து, அதைக் கணக்கில் சேர்த்தாலே ஏமாற்றம்தான். இப்படிப்பட்டவருக்குக் கடைசி வருட எண்ணை அப்படியே எடுங்கள், 6.4. இரண்டு, டார்கெட். இதுதான் பெரிய தப்பு. 146 வாங்கிய ஆளுக்குப் புது இடத்தில் 77-தான் கிடைத்தது. காலியாகாத ஆளுக்குப் பந்து வராது. டி.ஒய். ஹில்டன் என்ற இளையவர் வேறு அங்கே இருந்தார். அந்த வருடம் ஆண்ட்ரூ லக் காயத்தால் பாதிக்கு மேல் ஆடவில்லை என்பது உண்மை, ஆனால் அதே குவார்ட்டர்பேக்குகளிடம் ஹில்டன் 134 டார்கெட்டுக்கு 1,124 யார்டு எடுத்தார். படி 2-ஐ மறுபடி போட்டுப் பாருங்கள், விடை மாறவில்லை.

ஹூஸ்டனின் பயிற்சியாளர் பில் ஓ'பிரையன், அடுத்த வருடம் சுமார் 40 கேட்ச்தான் எதிர்பார்க்கலாம் என்று ஜான்சனிடம் சொன்னதாக அப்போது செய்தி வந்தது. 85 பிடித்த ஒரு ஜாம்பவானிடம் இப்படியா பேசுவது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நானும்தான். போய்ச் சேர்ந்த புது அணியில் அவர் பிடித்தது 41.

என் பங்குக்கு, அந்த வருடம் ஃபேன்டஸி அணியில் ஜான்சனைப் பாசத்தில் எடுத்தேன். அக்டோபர் 8 இரவு ஹூஸ்டனுக்கே போய் 77 யார்டும் இரண்டு டச்டவுனும் அடித்தார், கோல்ட்ஸ் 27-20 என்று ஜெயித்தது. பார்த்தாயா என்று நண்பர்களிடம் மார்தட்டினேன். அந்த சீசன் முழுக்க அவர் அடித்தது நாலு டச்டவுன். பாதி அந்த ஒரே ராத்திரியில் போய்விட்டது. மிச்ச சீசன் முழுக்க அவர் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

படி 7: வெட்டினால் உண்மையில் எவ்வளவு மிச்சம்

என்எஃப்எல் அணிகள் வருடத்துக்கு ஒரு சம்பள உச்சவரம்புக்குள், அதாவது சாலரி கேப்புக்குள், நிற்க வேண்டும். கையெழுத்துப் போனஸை ரொக்கமாக முதலிலேயே கொடுத்துவிட்டாலும், கேப் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். ஆளை நடுவில் வெட்டினால், இன்னும் எழுதாத மிச்சம் ஒரேயடியாக வந்து விழும். இதுதான் டெட் மணி.

2015-க்கு ஜான்சன் ஹூஸ்டன் கேப்பில் பிடித்த இடம் சுமார் 16.1 மில்லியன். வெட்டினால் 7.3 டெட் மணி, 8.8 மிச்சம். பலர் இங்கே "16 மில்லியனுக்கு அவர் தகுதியா" என்று வாதாடுவார்கள். கேள்வியே தப்பு. 7.3 போனது போனதுதான், வைத்திருந்தாலும் வெட்டினாலும் அது திரும்ப வராது. "இன்று இவர் வேலை தேடி வாசலில் நின்றால் 8.8 கொடுப்பேனா?" என்று மட்டும் கேளுங்கள்.

ஜூன் 1 விதி இதில் ஒரு வசதி. அந்தத் தேதிக்குப் பிறகு வெட்டினாலோ விற்றாலோ, டெட் மணியில் நடப்பு வருடப் பங்கு மட்டும் இந்த வருடம் விழும், மீதி அடுத்த வருடத்துக்குப் போகும். ஹூலியோ ஜோன்ஸை அட்லாண்டா மார்ச்சில் விற்றிருந்தால் 23.25 மில்லியன் டெட் மணி, அவர் கேப்பில் பிடித்த இடமோ 23.05. அதாவது ஆளும் போய், கேப்பும் கொஞ்சம் கூடியிருக்கும். ஜூன் வரை காத்திருந்து விற்றதால் 2021-இல் 7.75, 2022-இல் 15.5 என்று பிரிந்து, அந்த வருடம் 15.3 மில்லியன் கையில் நின்றது. ஓவர் தி கேப், ஸ்போட்ராக் தளங்களில் ஒவ்வொரு வீரருக்கும் இந்த இரண்டு கணக்கும் போட்டே வைத்திருக்கிறார்கள்.

படி 8: விலை

பழைய ஒப்பந்தங்களை டாலரில் ஒப்பிடாதீர்கள், கேப்பின் சதவீதத்தில் ஒப்பிடுங்கள். 2015-இல் கேப் 143.28 மில்லியன், 2025-இல் 279.2. கோல்ட்ஸ் ஜான்சனுக்குக் கொடுத்தது 3 வருடத்துக்கு 21 மில்லியன், வருடத்துக்கு 7, அதாவது கேப்பில் கிட்டத்தட்ட 5 சதவீதம். 2025 பணத்தில் அது ஏறக்குறைய 13.6 மில்லியன். அப்படிப் பார்த்தால் அது சில்லறை இல்லை. அப்போது உச்சியில் இருந்தது யார் என்று தெரிய வேண்டுமென்றால், 2025 மார்ச்சில் ரிசீவர் ஜமார் சேஸ் வாங்கியது வருடத்துக்கு 40.25 மில்லியன், 14 சதவீதத்துக்கும் மேல்.

அப்புறம், அந்த இடத்தில் வேறு யாரை வைக்கலாம், அவருக்கு என்ன செலவு என்று பாருங்கள். 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் டிராஃப்ட் வரிசைப்படி கட்டுப்பட்டது. ஹாப்கின்ஸ் முதல் சுற்றில் 27-ஆவது ஆளாக வந்தவர், அவரது முதல் நாலு வருடச் சம்பளம் மொத்தமே 8 மில்லியனுக்குக் குறைவு. ஜான்சனை வெட்டுவதில் மிச்சமாகும் ஒரு வருடத் தொகை அதைவிட அதிகம்.

கோல்ட்ஸ் செய்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். 64 கேட்ச், 779 யார்டு எடுத்த தங்கள் சொந்த ஜாம்பவான் ரெஜி வேனை 36 வயது என்று போகவிட்டார்கள், அந்த இடத்துக்கு 34-ஐ நெருங்கும் ஜான்சனை அழைத்தார்கள். வீட்டுப் பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு அடுத்த தெரு பழைய ஸ்கூட்டரை வாங்கிய கதை. பெயரைப் பார்த்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சலுகை மட்டும் சொல்ல வேண்டும். வேறு அணி விடுவித்த ஆளை எடுத்தால், ஈட்டுத் தேர்வுரிமைக் கணக்கில், அதாவது ஆட்களை இழந்த அணிக்கு ஈடாகக் கிடைக்கும் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பில், உங்களுக்கு நஷ்டம் வராது. ஒப்பந்தம் முடிந்து வருபவரை எடுத்தால் வரலாம். இரண்டு பேர் சமம் என்றால் விடுவிக்கப்பட்டவரை எடுங்கள்.

படி 9: தொகையைவிட அதன் வடிவம்

கோல்ட்ஸ் ஒப்பந்தம் மூன்று வருடம் என்று பேப்பரில் இருந்தது. உறுதி செய்த தொகை, அதாவது வெட்டினாலும் கொடுத்தாக வேண்டியது, 10 மில்லியன். ஒரே வருடத்தில், 2016 மார்ச்சில், கதை முடிந்தது. ஆகவே தலைப்புச் செய்தியில் வரும் மொத்தத் தொகையைப் படிக்காதீர்கள், உறுதியைப் படியுங்கள். ஃபிட்ஸ்ஜெரால்டும் அரிசோனாவும் கடைசிக் காலத்தில் ஓராண்டு ஓராண்டாகவே கையெழுத்துப் போட்டார்கள். 2020-இல் அவர் 54 கேட்ச், 409 யார்டு என்று நின்றபோது பிரிய யாருக்கும் செலவில்லை. 30-ஐத் தாண்டிய ரிசீவருக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை.

காயப் பயம் இருந்தால் சம்பளத்தில் ஒரு பகுதியை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள், களத்துக்கு வந்தால் பணம். ஆட்டம் இறங்கும் பயம் இருந்தால் ஊக்கத்தொகையில் போடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போன வருடம் எட்டிய எண்ணை இலக்காக வைத்தால் அது கிடைக்கும் என்று கருதி இந்த வருட கேப்பிலேயே சேர்ப்பார்கள். எட்டாத எண் என்றால் இப்போது சேராது, அடைந்தால் அடுத்த வருடத்தில் வரும். 85 பிடித்தவருக்கு 80 கேட்ச் இலக்கு வைத்தால் இப்போதே கணக்கு, 90 வைத்தால் பிறகு.

"சம்பளத்தை மறுசீரமைத்தார்கள்" என்ற செய்தியைப் பார்த்ததும் வீரர் விட்டுக்கொடுத்தார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது இந்த வருடச் சம்பளத்தைப் போனஸாக மாற்றி, கேப் சுமையை அடுத்த வருடங்களுக்குத் தள்ளுவது மட்டுமே. வீரருக்கு ஒரு பைசா குறையாது. இறங்கிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு இதைச் செய்வது அடகு வைத்த நகை மேல் மறுபடி கடன் வாங்குவது. சம்பளக் குறைப்பு என்றால் அதையே தெளிவாகச் சொல்வார்கள்.

படி 10: தேதிகள்

கணக்கு சரியாக இருந்து தேதி தப்பினால் பணம் போகும். என்எஃப்எல் கணக்கு வருடம் மார்ச் நடுவில் தொடங்கும். பல ஒப்பந்தங்களில் அதற்குச் சில நாள் கழித்து ஒரு போனஸோ, அடுத்த வருடச் சம்பளத்துக்கான உறுதியோ விழும்படி எழுதியிருப்பார்கள். வெட்டுவதென்றால் அதற்கு முன். மார்ச்சில் வெட்டினாலும் ஜூன் 1-க்குப் பிறகு வெட்டியதாகக் கணக்கிட ஓர் அணிக்கு வருடத்துக்கு இரண்டு பேர் வரை அனுமதி உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் மிச்சப் பணம் ஜூன் வரை கையில் வராது, மார்ச்சில் வேறொருவரை வாங்க அது உதவாது.

கடைசித் தேதி செப்டம்பரில். நாலு வருடமோ அதற்கு மேலோ ஆடிய வீரர் சீசனின் முதல் வாரம் அணிப் பட்டியலில் இருந்தால், பிறகு வெட்டினாலும் அந்த வருட அடிப்படைச் சம்பளத்தைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு. முதல் வாரம் முடிந்த செவ்வாய், புதன் கிழமைகளில் திடீரென்று பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக அணிகளில் சேரும் செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஃபோன்கள் ஞாயிறுக்கு முன்பே பேசப்பட்டவை.